கறள் அடைத்த ஓட்டை

உள்ளே கறள் (துரு) பிடித்த பழைய மோட்டார் சைக்கிள் பெற்றோல் டாங்கியைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எப்ப தருவீங்க?" என்பதுதான். நான் பதிலுக்கு இன்னொன்று கேட்பேன்: "சுத்தம் பண்ணினால் ஒழுகலாம், பரவாயில்லையா?" பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். ஒழுகாத டாங்கியைக் காசு கொடுத்து ஒழுக வைப்பதா என்று யோசிக்கிறார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் தகட்டைத் தின்ற கறள், தின்ற இடத்திலேயே உட்கார்ந்து ஓட்டையை அடைத்துக்கொண்டும் இருக்கும். அதை எடுத்த பிறகுதான் மிஞ்சியிருப்பது என்ன என்று தெரியும். இதை முதலில் பேசி முடிக்காமல் நான் டாங்கியில் கை வைப்பதில்லை.

திருகோணமலையில் இரும்பு வேலை செய்கிறவனுக்கு வேலை குறைவதில்லை. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் வங்கக்கடல். வாடைக்காற்று தொடங்கினால் மட்கார்ட், சைலன்சர், ஸ்போக் கம்பி எல்லாவற்றிலும் உப்பு படிந்துவிடும். அதனால் டாங்கிக்குள் கறள் வந்தாலும் ஆட்கள் கடலைத்தான் குற்றம் சொல்வார்கள். உள்ளே நடப்பது வேறு. மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் இருக்கும். பகலில் வெயிலுக்குச் சூடான டாங்கி இரவில் குளிரும்போது அந்தத் துவாரத்தால் ஈரக்காற்றை இழுக்கும். ஈரம் மேல் தகட்டில் பனித்து, துளியாகிக் கீழே இறங்கும். தண்ணீர் பெற்றோலை விடப் பாரம் கூடியது, அடியில் போய்த் தங்கிவிடும். பெற்றோலைத் திறந்து மூடுகிற டப்பின் குழாய் அடித்தகட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். அதற்குக் கீழே தங்கிய தண்ணீர் தானாக வெளியே வராது. சைட் ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிற வண்டி என்றால் இடப்பக்க மூலைதான் முதலில் போகும். டாங்கி நிறையப் பெற்றோல் இருந்தால் இவ்வளவும் நடக்க இடமில்லை. வெறும் டாங்கிதான் அழுகும்.

போன மாரிக்கு முன் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் ஹொண்டா சிடி 125 டாங்கி ஒன்றைக் கொண்டு வந்தார். அது வெறுமையான கதை எங்கள் ஊரில் பலருக்கும் தெரிந்த கதை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கு அளவு மட்டும் அடிக்கிற முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பங்கு வாகன இலக்கத்துக்குத்தான், ஓடுகிறவருக்கு இல்லை. வீட்டில் மூலையில் கிடந்த கிழட்டு வண்டிகளுக்கெல்லாம் திடீரென்று மதிப்பு வந்தது. சேரின் வண்டியையும் பெற்றோல் செட்டுக்கு உருட்டிக்கொண்டு போய் அடித்து, வீட்டுக்கு வந்ததும் டப்பைக் கழற்றி மகனின் பைக்குக்கு ஊற்றியிருக்கிறார்கள். 2023இல் அந்த முறையை நீக்கியதும் வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடியில் கொஞ்சம் மண்டியும் மேலே முழுக்கக் காற்றுமாக அப்படியே கிடந்தது. அந்தக் காலத்துக்குப் பிறகு இந்த மாதிரி டாங்கிகள் நிறைய வந்தன.

மூடியைத் திறந்தேன். பெற்றோல் மணம் இல்லை, காய்ந்த வார்னிஷ் மணம். சிறிய எல்ஈடி விளக்கை வயரில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தால் மேல் தகட்டில் செங்கல் தூள் போன்ற மெல்லிய கறள்தான். அது பெரிய பிரச்சினை இல்லை. அடிப்பக்கம்தான் கறுத்துத் தடித்துச் செதில் செதிலாக எழும்பி நின்றது. நீளமான ஸ்குரூ டிரைவரால் மெதுவாக நெம்பியபோது விரல்நகம் அளவுச் செதில் ஒன்று கழன்று வந்தது. அதன் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கரும்பளபளப்பு. அவ்வளவும் ஒரு காலத்தில் தகடாக இருந்தது.

சேரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கட சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்க் குதங்கள் நிறைய இருந்தது தம்பி. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் தாக்கினதில ஒன்று எரிஞ்சு போச்சு. மிச்சத்தில எத்தனையோ காட்டுக்குள்ள கவனிப்பாரில்லாமல் நிண்டும் விழயில்லையே. இது மட்டும் ஏன்?" என்றார். அது கப்பல் கட்டுகிற மாதிரிக் கனத்த தகடு சேர், இது ஒரு மில்லிமீற்றருக்கு மேலே போகாது என்றேன். ஒழுகினால் ஒழுகட்டும், பார்ப்போம் என்று விட்டுவிட்டுப் போனார்.

கறள் எடுக்க அசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கக்கூஸ் கழுவுகிற உப்பு அமிலம் கறளை வேகமாகத்தான் எடுக்கும். ஆனால் அதற்குக் கறள் எது, நல்ல இரும்பு எது என்ற வித்தியாசம் இல்லை. இரண்டையும் தின்னும். போதாததற்கு மடிப்பு மூட்டுகளுக்குள் புகுந்து தங்கி, கழுவிய பிறகும் உள்ளிருந்தே அரிக்கும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அன்றைக்குப் பளபளவென்றிருக்கும், அடுத்த மாரிக்கு வேறு கராஜுக்குக் கொண்டு போவார். எனக்கு அந்தக் காசு வேண்டாம்.

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினேன். பிறகு பழைய சைக்கிள் செயின் துண்டு ஒன்றைப் போட்டுத் தண்ணீரோடு குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். சிலர் நட்டுகள் போடுவார்கள். போடும்போது எண்ணி, எடுக்கும்போது எண்ணி, ஒன்று குறைந்தால் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். செயின் என்றால் ஒரே இழுவையில் வந்துவிடும். அப்புறம் டப் துவாரத்தை ரப்பர் வைத்து அடைத்து, விளிம்புவரை வினாகிரி. மூடியை இறுக்கக்கூடாது, அமிலம் இரும்பில் பட்டு வாயு கிளம்பும், அது போக வழி வேண்டும். வெளியே சிந்தினால் பெயின்ற் மங்கும் என்பதால் துணி சுற்றி வைத்தேன். அடுத்த நாள் காலையில் உள்ளே பார்த்தால் கடுஞ்சாயத் தேநீர் நிறம். ஊற்றிவிட்டுத் திரும்பக் குலுக்கி, புதிதாக நிரப்பி, தகடு சாம்பல் நிறத்துக்கு வரும்வரை இதேதான் வேலை. பற்றரி சார்ஜரும் சலவைச் சோடாவும் வைத்து மின்னால் கறள் எடுக்கிற முறையும் நல்ல முறைதான். ஆனால் குறுகிய வாயுள்ள டாங்கிக்குள் உள்ளே விடுகிற கம்பி தகட்டில் படாமல் நடுவில் நிற்க வேண்டும், எவர்சில்வர் கம்பி என்றால் நச்சுக் கழிவு வரும், கிளம்பும் ஐதரசனுக்குப் பக்கத்தில் ஒரு பொறியும் கூடாது. பெரிய கராஜுக்கு அது சரி.

வினாகிரியை ஊற்றியதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, நிற்காமல் காய வைக்க வேண்டும். இந்த இடத்தில் தேத்தண்ணிக்குப் போகிறவன் திரும்பி வரும்போது உள்ளே செம்மஞ்சள் பூத்திருக்கும். அமிலம் பட்டு வெறுமையான இரும்பு அவ்வளவு அவசரமாகக் கறள் பிடிக்கும். கொம்பிரஷர் காற்று, பிறகு முடி உலர்த்துகிற மெஷினின் சூட்டுக் காற்று, நன்றாகக் காய்ந்து ஆறிய பிறகுதான் கொஞ்சம் 2டி ஒயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலில் கலக்கிறது) விட்டு எல்லாப் பக்கமும் உருட்டுவது. ஆனால் ஒழுக்குப் பார்க்காமல் ஒயில் விட்டால் ஒட்டு வேலைக்கு இடைஞ்சல். அதனால் காய்ந்ததும் வாயை அடைத்து டப் பக்கத்தால் மெல்லக் காற்று ஊதி, சவர்க்கார நுரை தடவினேன். இடப்பக்க அடி மடிப்பில், நான் நினைத்த அதே மூலையில், ஊசி முனை அளவு 3 இடங்களில் குமிழி எழுந்தது.

இங்கே வெல்டிங் அடிக்கச் சொல்கிறவர்கள் வருவார்கள். பெற்றோல் ஆவி காற்றில் 1.4 வீதம் இருந்தாலே தீப்பற்றும். கழுவிய டாங்கி என்று நம்பக்கூடாது, மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் பசை சூடு பட்டதும் ஆவியாகும். இப்படி வெடித்த டாங்கியால் கண் போன ஆளை எனக்குத் தெரியும். அதோடு அந்த மெல்லிய தகட்டில் வெல்டிங் பிடிக்காது, ஓட்டை பெரிதாகும். நான் ஈயம்தான் வைத்தேன். ஓட்டைகள் மேலே வரும்படி டாங்கியைச் சாய்த்து, அந்த மூலைக்குச் சற்றுக் கீழேவரை தண்ணீர் நிரப்பி, வெளித்தகட்டைப் பளபளவென்று சுரண்டி, நாகத் (துத்தநாகத்) துண்டு கரைத்த அமிலம் தொட்டு, தூரத்தில் அடுப்பில் காய்ச்சிய செப்புக் கோலால் ஈயத்தை ஓட விட்டேன். நெருப்பு டாங்கிப் பக்கம் வரவே இல்லை. ஈயம் ஓடும்போது மடிப்பு வழியே தானாக உறிஞ்சப்பட்டுப் போவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை தீரவில்லை.

உள்ளே பூசுகிற எபொக்ஸி கடைகளில் கிடைக்கிறது. கறள் முழுக்கப் போகாத தகட்டில் அதைப் பூசினால் தோல் உரிந்து வந்து டப்பை அடைக்கும்; அப்புறம் அதைக் கழற்றி எடுப்பது கறள் எடுப்பதைவிடக் கரைச்சல். சேருடையதுக்கு அது தேவைப்படவில்லை. பெற்றோல் குழாயில் சின்ன பில்டர் ஒன்று மட்டும் போட்டேன்.

எடுக்க வந்தபோது, எப்பவும் டாங்கி நிறைய அடித்து வையுங்கள், முதல் ஒரு மாதம் பில்டரில் சிவப்புத் தூள் வருகிறதா பாருங்கள் என்றேன்.

"நிறைய அடிச்சா மகன் இறக்கிப் போடுவானே."

பூட்டு உள்ள மூடி ஒன்று தேடிப் போடட்டா என்று கேட்டேன்.

"டப்பைக் கழற்றப் பழக்கினதே நான்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு டாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.