இறங்குவதும் கசிவதும்

சில ஆண்டுகளுக்கு முன், ஏற்காடு மலையடிவாரத்து விவசாயிகளுக்கான நான்கு பக்கக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்பும் குட்டைகளைப் பற்றியது அது. மூலத்தில் 'பெர்கலேஷன்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. 'கசிவுநீர்க் குட்டை' என்ற பெயர் அரசு வழக்கில் ஏற்கெனவே இருந்ததால், நானும் தயங்காமல் எல்லா இடங்களிலும் 'கசிவு' என்றே எழுதினேன். கூட்டத்தில் அதை வாசித்தபோது, மரவள்ளி பயிரிடும் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, கசியற குட்டையில தண்ணி எப்படிங்க நிக்கும்? மொதல்ல அந்தக் கசிவை அடைக்க வழி சொல்லுங்க" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏரிக்கரை கசியும், தொட்டி கசியும், எரிவாயுக் குழாய் கசியும். போகக் கூடாத இடத்தில் போவதைத்தான் நாம் பெரும்பாலும் கசிவு என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'லீக்' என்றும் 'சீப்' என்றும் வேறு சொற்கள் இருக்கின்றன. 'சீப்' என்பது நுண்ணிய துளைகளின் வழியே மெல்ல வெளிப்படுவது. 'பெர்கலேட்' என்பதோ லத்தீன் மொழியில் 'ஊடாக' என்ற பொருள்தரும் முன்னொட்டும், வடிகட்டுவதைக் குறிக்கும் வினையும் சேர்ந்து பிறந்த சொல். அதன் வேரில் ஒரு சல்லடை இருக்கிறது. 'ஃபில்டர்' என்ற சொல்லின் வேரில், கம்பளி மயிரை அழுத்திச் செய்து, வடிகட்டப் பயன்படுத்திய ஒருவகைத் துணி இருக்கிறது. இவை எல்லாவற்றையும் 'கசிவு' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், நல்லது எது, கெட்டது எது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

சரியான தமிழ்ச் சொல்லை நான் அகராதிகளில் தேடிக்கொண்டிருந்தேன். அது எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. "டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா, பாரு" என்று அம்மா காலைதோறும் கேட்பார். வெந்நீர் காப்பித்தூளுக்குள் புகுந்து, அதன் சாரத்தை எடுத்துக்கொண்டு, துளைகள் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழ்ப் பாத்திரத்தை அடையும் அந்த நிகழ்வு முழுவதையும் 'இறங்குதல்' என்ற ஒரு வினை சொல்லிவிடுகிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது இங்குள்ள எல்லோரும் அறிந்த செய்தி. செடி வெளியிலிருந்து வந்தது, அதன் சாறு வடிவதற்கான சொல் மட்டும் நம்முடையதாகவே அமைந்துவிட்டது. அதே சொல்லைத்தான் விவசாயியும் வயலில் சொல்கிறார்: "மழை பேஞ்சும் தண்ணி மண்ணுல எறங்கல."

இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, 1856ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். மேலே நிற்கும் நீரின் உயரம் கூடினால் ஓட்டம் கூடும். மணல் அடுக்கின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். மணலின் தன்மைக்கேற்பவும் அது மாறும். தூளை அழுத்தி அடைத்தால் டிகாக்‌ஷன் இறங்காது என்று அம்மா சொல்வதும் குட்டையின் அடிமண் இறுகினால் கிணறு ஊறாது என்று விவசாயி சொல்வதும் இதற்குள் அடங்கும்.

'லீச்' என்ற சொல்தான் என்னை மிகவும் சிரமப்படுத்தியது. நீர் இறங்கும்போது, கரையக்கூடியதை உடன் எடுத்துச் சென்றுவிடுவதை அது குறிக்கிறது. சேர்வராயன் மலையின் உச்சித் திட்டுகளில் கிடைக்கும் பாக்சைட் அப்படி உண்டானதுதான். நெடுங்காலம் பெய்த மழை சார்னோகைட் பாறையிலிருந்து சிலிக்கா முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியம் மிகுந்த எச்சம் மேலே தங்கிவிட்டது. கையேட்டில் இதே சொல் உரச்சத்து மண்ணின் ஆழத்துக்குப் போவதைப் பற்றி வந்தது. 'சத்து கரைந்து இறங்கிவிடும்' என்று விரித்து எழுதினேன். ஒற்றைச் சொல் இல்லாவிட்டாலும் பொருள் நிற்கிறது.

வேறு சில இடங்களில் தமிழின் கைதான் ஓங்கியிருந்தது. 'ஊறு' என்பதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. உளுந்து ஊறும்போது நீர் உள்ளே போகிறது. கிணறு ஊறும்போது நீர் வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'சோக்' என்பார்கள், இரண்டாவதற்கு வேறொரு சொல்லைத் தேடுவார்கள். உள்ளே புகும் நீரையும் வெளியே சுரக்கும் நீரையும் ஒரே வினையால் பார்த்த கண் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மழைக்காலத்தில் ஏற்காட்டு வீடுகளின் சுவரில் ஓதம் ஏறுவதையும் இங்கே சொல்ல வேண்டும். நீர் கீழிருந்து மேலே போகிறது என்பதை 'ஏறுதல்' என்ற வினை தெளிவாகக் காட்டிவிடுகிறது.

கையேட்டின் இரண்டாம் பதிப்பில், கரை வழியாகப் போகும் நீருக்கு மட்டும் 'கசிவு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் எல்லாம் 'தண்ணீர் இறங்குதல்' என்று மாற்றினேன். குட்டையில் படியும் நுண்ணிய வண்டலைக் கோடையில் அள்ளாவிட்டால் நீர் இறங்குவது குறைந்துவிடும் என்ற பகுதியை அந்தப் பெரியவரிடமே படித்துக் காட்டினேன். அவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "தூளு ரொம்ப நைசா இருந்தா டிகாசன் எறங்குமாங்க?" என்று சொல்லிவிட்டு, வண்டலை எந்த மாதத்தில் அள்ளலாம், யார் வயலுக்கு அதைக் கொண்டுபோகலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பேசத் தொடங்கினார்.