அம்மாவின் மணிக்கட்டும் எம்65.4-உம்

நான் பார்ப்பது மெடிக்கல் கோடிங் வேலை. பாம்பனில் வீட்டில் உட்கார்ந்துகொண்டே அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து, டாக்டர் எழுதியதற்கு ஏற்ற ஐசிடி கோட், அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உள்ள எண்ணைப் போடுவேன். மணிக்கட்டு வலி என்றால் விரல் தானாகவே தட்டும். வலது கைக்கு எம்25.531, இடது கைக்கு எம்25.532, எந்தக் கை என்று எழுதாமல் விட்டிருந்தால் எம்25.539. அந்தக் கடைசி ஒன்பதைப் போடும்போதெல்லாம், "இதைக்கூட எழுத மாட்டாரா இந்த மனுஷன்" என்று அலுத்துக்கொள்வேன். அதே கூத்து என் அம்மாவின் பேப்பரிலும் நடந்தது.

அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவள். வத்தை என்ற சின்னப் படகில் போய் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, கடலடிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி, மணிக்கட்டைத் திருகிப் பிய்க்க வேண்டும். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வாள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை அப்படித் திருகுவாள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் வலி வந்தது. தைலம் தேய்த்தாள், சுளுக்கு வழித்துப் பார்த்தாள். காப்பித் தம்ளரை இடது கையால் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள்.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதல் நாள் எலும்பு டாக்டர் இல்லை, டியூட்டி டாக்டர்தான் பார்த்தார். நர்ஸ் விவரம் கேட்டு எழுதும்போது, "எங்கேயாவது விழுந்தீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. "எப்பவோ பாறையில வழுக்கிக் கைய ஊன்டுனேன்" என்றாள். அந்த 'எப்பவோ' பேப்பரில் ஏறவில்லை. கீழே விழுந்ததாகவும் மணிக்கட்டு வலி என்றும் மட்டும் எழுதப்பட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். தொழில் இதுதான் என்றாலும் சீட்டை வாங்கிப் படிக்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் எலும்பு டாக்டர் பார்த்தார். "கட்டைவிரலை உள்ளே வச்சு மூடுங்கம்மா. அப்படியே முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்க" என்றார். பாதி சாய்ப்பதற்குள் அம்மா "ஆத்தாடி" என்று கத்திவிட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே டி கெர்வேன் என்றார். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போனால் ஒவ்வொரு அசைவுக்கும் உரசும். 1895-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர்தான் நோய்க்கும். ஸ்பிளின்ட் போட்டார்கள், ஒரு ஊசியும் போட்டார்கள். நாலு மாதம் தாங்கியது. திரும்பவும் வலி வந்தபோது உறையைக் கீறிவிடுவது என்று முடிவானது. கையை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

என் கம்பெனி எடுத்துத் தந்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பெற்றோருக்கும் கவரேஜ் உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் வசதி இல்லாததால், பணத்தைக் கட்டிவிட்டு கிளெய்ம் போட்டேன். பாரத்தில் பார்ட் ஏ நாம் எழுதுவது, பார்ட் பி ஆஸ்பத்திரி நிரப்புவது. நோயின் ஐசிடி-10 கோட் வருவது பார்ட் பி-யில். காயத்தால் அட்மிஷனா, ஆம் என்றால் என்ன காரணம், போலீசுக்குச் சொன்னீர்களா என்ற கட்டங்களும் அதில் உண்டு.

இரண்டு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. கேள்விகள் இரண்டு. வெறும் மணிக்கட்டு வலிக்கு எதற்கு ஆபரேஷன்? விழுந்ததாக எழுதியிருக்கிறது, எப்போது, எப்படி, போலீஸ் கேஸ் ஆனதா?

அன்று ராத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, வேலையில் ஒரு சார்ட்டைப் படிப்பது போல முதல் வரியிலிருந்து படித்தேன். நோய் என்ற இடத்தில் "வலது மணிக்கட்டு வலி" என்றிருந்தது. முதல் நாள் சீட்டிலிருந்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள், விழுந்த கதை உட்பட. பார்ட் பி-யில் எம்25.5, அதாவது மூட்டு வலி. இங்கே கிளெய்மில் போடுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. வலது இடது பார்த்து ஏழெழுத்து வரை நீள்வது 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடப்பிலிருக்கும் அவர்களுடைய பதிப்பு. எதுவானாலும் விதி ஒன்றே: நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் அதன் அறிகுறியை முதல் கோடாக வைக்கக்கூடாது. டி கெர்வேனுக்கு எம்65.4. வேடிக்கை என்னவென்றால், கை கால் என்றால் பெரும்பாலும் வலது இடது கேட்கும் அமெரிக்கப் பதிப்பிலும் இந்தக் கோடுக்கு அந்தப் பிரிவு கிடையாது.

மறுநாள் ரெக்கார்ட் ரூமுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்ல பையன்தான். விஷயத்தைச் சொன்னதும் பார்ட் பி-யைத் தள்ளி வைத்து, "அக்கா, உங்களுக்குத்தான் கோட் தெரியுமே, நீங்களே அடிச்சு எழுதிக்கோங்க" என்றான். கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் சம்மரியில் வலி, பாரத்தில் எம்65.4 என்று இருந்தால், பார்க்கிறவனுக்கு அது நான் கூட்டிச்சேர்த்ததாகத்தான் தெரியும். டாக்டர் எழுதாத நோய்க்கு நான் கோட் போட்டால் என் வேலையிலேயே அதற்குப் பெயர் மோசடி. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஓ.பி. முடிந்து வந்த டாக்டரிடம் "கோடை மாத்துங்க சார்" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். "ஆபரேஷன் நோட்ஸ்ல ஒண்ணு இருக்கு, சம்மரியில வேற இருக்கு சார்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆபரேஷன் நோட்ஸில் எல்லாம் சரியாக இருந்தது: எந்த உறை, எவ்வளவு தடிப்பு, நாண்கள் விடுபட்டதா என்பது வரை. அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

பழைய சம்மரியில் அடித்துத் திருத்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தனித்தாளில் இணைப்பாக எழுதிக் கொடுத்தார். நோயின் முழுப்பெயர், வலது கை, எத்தனை மாதமாக, ஸ்பிளின்ட்டும் ஊசியும் கேட்காமல் போனது, தினமும் பாசி பறிக்கும் வேலை, விழுந்தது பழைய சம்பவம், இந்த நோய்க்குச் சம்பந்தமில்லை. கீழே அன்றைய தேதி, கையெழுத்து, பதிவு எண், சீல். அதைப் பார்த்து அந்தத் தம்பி புது பார்ட் பி நிரப்பினான். காயமா என்ற கட்டத்தில் இல்லை. கோட் இடத்தில் எம்65.4 என்று அவனே எழுதினான், நான் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் ஓ.பி. சீட்டு, ஊசி போட்ட நாளின் சீட்டு, ஆபரேஷன் நோட்ஸ் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி அனுப்பினேன். மூன்றாவது வாரம் பணம் வந்தது. ஸ்பிளின்ட் காசை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். இன்ஷூரன்ஸில் பணம் தராத சாமான்களின் பட்டியலில் அது இருக்கிறது, சண்டை போட்டுப் பயனில்லை.

அம்மாவுக்கு இந்த அலைச்சல் எதுவும் புரியவில்லை. "வலின்னா வலிதானே, அதுக்கு எதுக்கு நம்பரு?" என்கிறாள். தழும்பு ஆறியதும் திரும்பக் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். வலது கைக்கு ஓய்வு என்று சொல்லி, இப்போது இடது கையால் கிள்ளுகிறாளாம்.