ஜில்லென்று இருந்த குப்பி

"அண்ணா, இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு. திறக்கலாமா?"

"பரவாயில்லம்மா, திற. கரண்ட் மறுபடி போயிடும்."

லேபில் எனக்கும் என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவளுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். ஐப்பசி அடைமழை, காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய் வந்திருந்தது. அவளுக்கு ஆறு மணி மன்னார்குடி பஸ் வேறு. அவளுக்காகத்தான் அவசரப்பட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் அவசரப்படவே இல்லை.

குப்பியில் இருந்தது டிபிசிஓ-என்ஹெச்எஸ் லிங்கர், இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் பொடி. என்ஹெச்எஸ் முனை, ஆன்டிபாடி என்ற புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடிக்கும்; டிபிசிஓ முனை, தாமிர வினையூக்கி இல்லாமலே, அசைடு (மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த தொகுதி) உள்ள சாயத்தைப் பிடிக்கும். வேதியியலாளர் கரோலின் பெர்டோசிக்கு 2022இல் நோபல் வாங்கித் தந்த வழி. இதில் என்ஹெச்எஸ் முனைக்குத் தண்ணீர் ஆகாது. மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்தால், குளிர் விடும்வரை அரை மணி நேரமாவது டெசிகேட்டரில், அதாவது ஈரம் இல்லாத மூடிய ஜாடியில், வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் பொடிமேல் இறங்கிவிடும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். குப்பியின் கழுத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. டிஷ்யூவால் துடைத்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், திறந்தாள்.

மறுநாள், மிஞ்சிய லிங்கரைக் கழுவி நீக்கிவிட்டு அளந்தோம். ஆன்டிபாடியில் டிபிசிஓ ஒட்டியிருந்தால் ஒளியை உறிஞ்சி மேடு காட்ட வேண்டிய 309 நானோமீட்டரில் மேடே இல்லை.

"ஆன்டிபாடில சோடியம் அசைடு இருந்துச்சே, அதை நீக்க டீசால்ட் பண்ணியாம்மா?" என்றார் சார்.

"பண்ணினேன் சார். ஒரு தடவை."

"ஒரு தடவைதானா?" சார் தலையை ஆட்டினார். பழி அவள் கணக்கில் ஏறிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை.

சார் கேட்டதிலும் தப்பில்லை. கெடாமல் இருக்கச் சேர்க்கும் 0.02 சதவீத அசைடு என்பது சுமார் 3 மில்லிமோலார். நாங்கள் போட்ட லிங்கரைவிடப் பல மடங்கு. அதில் கொஞ்சம் தங்கியிருந்தாலும் டிபிசிஓ முனையைத் தின்றிருக்கும், மேடு மறைந்திருக்கும். ஈரத்தில் என்ஹெச்எஸ் செத்திருந்தால் லிங்கர் ஒட்டாமல் கழுவலோடு போயிருக்கும்; அப்போதும் மேடு இருக்காது. இரண்டுக்கும் கோடு ஒரே மாதிரி தட்டை. அதனால் என் தப்பு என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியில்லாததைச் சார் முன்னால் எப்படிச் சொல்வது? சரி, அவள் தப்பு மட்டும் உறுதியாகிவிட்டதா?

இப்போதெல்லாம் அவள் என்னிடம் கேட்பதில்லை. குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி டெசிகேட்டருக்குள் வைத்துவிடுகிறாள்.

அந்தப் பழைய குப்பியில் பாதி அப்படியே இருந்தது. நன்றாகக் கழுவிய ஆன்டிபாடியோடு சேர்த்துப் பார்த்தால் தெரிந்திருக்கும், ஒரு மதியத்து வேலை. நான் புதுக் குப்பிக்கு இண்டென்ட் போட்டேன்.