இங்கத்தைக் கடலில் வெறுங்காலோடு இறங்கலாமா?

யாழ்ப்பாணத்துக் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் கடலுக்குள் இறங்குகிறவர் செருப்பைச் சவுக்கமரத்தடியில் கழற்றி வைத்துவிட்டுப் போவார். மாப்போல மணல். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். கால் எதில் படுகிறது என்று யோசிக்கத் தேவையே வராது. அந்தப் பழக்கத்தோடு லண்டனுக்கு வந்து, முதல் கோடையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிறைட்டனுக்குப் போனால், கரையில் மணலே இல்லை. கோழிமுட்டையளவும் உள்ளங்கையளவுமான கூழாங்கற்கள்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும். பத்தடி நடப்பதற்குள் பாதம் நொந்துவிடும். கடல் சப்பாத்து வாங்குவதா, அது வீண் செலவா என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பிறைட்டன் கற்கள் உருண்டவை, காலை வெட்டாது. அங்கே சப்பாத்து வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. கரை செங்குத்தாகச் சரிகிறது. முழங்காலளவில் நிற்கிறவர் இரண்டு எட்டு வைத்தால் நெஞ்சளவுக்குப் போய்விடுவார். அலை கரையோடு வந்து உடைந்து, திரும்பும்போது காலுக்கடியில் கிடக்கும் கல்லை இழுத்துக்கொண்டு போகும். அதோடு, எற்றி வரும் கற்கள் கணுக்காலில் அடிக்கும். வெளியே வருகிறவருக்கு இரண்டு அலைகளுக்கு நடுவில் ஐந்தாறு விநாடிதான் கிடைக்கிறது. வெறுங்காலில் வலியோடு தடுமாறுகிறவர் அந்த நேரத்துக்குள் ஏறமாட்டார், அடுத்த அலை முதுகில் அடித்து விழுத்திவிடும். சப்பாத்துப் போட்டவர் நாலு எட்டில் மேலே வந்துவிடுவார்.

சரி, போர்ண்மவுத்திலோ கோர்ன்வாலிலோ வேல்ஸிலோ நல்ல மணற்கரைக்குப் போனால் வெறுங்கால் போதும்தானே என்று கேட்பார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் வீவர் மீனைத் தெரிந்து வைத்துக்கொண்டு இறங்கவேண்டும். ஒரு சாண் நீளம்கூட இல்லாத, மண்நிற மீன் அது. ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் உடம்பைப் புதைத்து, கண்ணையும் முதுகுச் செட்டையையும் மட்டும் வெளியே விட்டுக் கிடக்கும். அந்தச் செட்டை கறுப்பு நிறம். அதில் ஐந்து முதல் ஏழு வரை நஞ்சுள்ள முட்கள் உண்டு. செவுள் மூடியிலும் முள் உண்டு. கோடைக்காலத்தில், கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில், கணுக்காலளவுத் தண்ணீரில் அளைகிறவர்களுக்குத்தான் இது அதிகம் குத்துகிறது. ஆழத்துக்குப் போய் நீந்துகிறவரைவிட, ஓரத்தில் வாளியோடு விளையாடும் பிள்ளைக்கும் கால்சட்டையை மடித்துவிட்டு நிற்கும் அப்பாவுக்கும்தான் ஆபத்து அதிகம்.

குத்தியவுடன் கண்ணாடி ஏறியது என்றுதான் நினைப்பார்கள். சில நிமிடங்களில் வலி பாதத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கும். முதல் இரண்டு மணித்தியாலம் வரை கடுமையாக இருக்கும். இதற்கு மருந்து சூடு. வீவரின் நஞ்சு ஒரு புரதம், சூட்டில் அது சிதைந்துவிடும். திருக்கை முள் குத்தினாலும் இதே வைத்தியம்தான். காலைக் கடல்நீரில் கழுவி, முள் தெரிந்தால் சாமணத்தால் எடுக்கவேண்டும், வெறும் விரலால் தொடக்கூடாது. பிறகு தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் காலை வைத்திருக்கவேண்டும். ஐஸ் வைப்பது, வினாகிரி ஊற்றுவது, மூத்திரம் விடுவது எதுவும் வேண்டாம். காயத்தை இறுக்கிக் கட்டவும் கூடாது. மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், நெஞ்சு நொந்தால் காத்திருக்காமல் அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள்.

கடற்கரைக்குத் தேத்தண்ணிப் பிளாஸ்க் இல்லாமல் போகிற தமிழ்க் குடும்பம் குறைவு. இன்னொரு பிளாஸ்கில் வெறும் சுடுதண்ணீரும், காரில் கால் வைக்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பேசினும் இருந்தால் இந்த வலியைப் பாதி வழியிலேயே மறித்துவிடலாம். பிளாஸ்க் தண்ணீரை அப்படியே ஊற்றினால் கால் வெந்துபோகும். கடல்நீர் கலந்து சூட்டைக் குறைக்கவேண்டும், 45 பாகைக்கு மேல் போகவே கூடாது. சூட்டைக் குத்துப்பட்ட காலால் பார்க்கவேண்டாம். வலியில் அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. துணைக்கு நிற்கிறவர் தன் முழங்கையை விட்டுப் பார்க்கவேண்டும். ஆறியபின் மேலும் ஊற்றுவதானால் காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும். ஆர்என்எல்ஐ என்ற கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் உயிர்காப்பாளர்கள் நிற்கும் கரையென்றால் நேரே அவர்களிடம் போங்கள். வீவர் குத்து அவர்களுக்குப் புதிதல்ல.

நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் இந்தக் கேள்வியே கிடையாது. எந்தக் கரையானாலும் சப்பாத்து வேண்டும். எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? பாத நரம்பு பழுதானவருக்குச் சிப்பி வெட்டியதே தெரியாது. 17 பாகைக் கடலில் பத்து நிமிடம் நின்று கால் விறைத்த பிறகு மற்றவர்களுக்கே தெரியாதபோது, அவருக்கு எப்படித் தெரியும்? இரவு கால்மேசைக் கழற்றும்போது இரத்தத்தைக் கண்டுதான் அறிவார். அந்தச் சின்ன வெட்டு ஆறாமல் புண்ணாகும். சப்பாத்துக்குள் புகுந்த ஒரு கடலைப் பருப்பளவு கல்லே போதும், நாள் முழுக்க உரசித் தோலைக் கிழித்துவிடும். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கழற்றிய பின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாத அம்மாவுக்கு, அப்பாவுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துவிடவேண்டும். மேலே சொன்ன சுடுதண்ணீர் வைத்தியத்திலும் இவர்களுக்குத்தான் அதிக கவனம் தேவை. வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. காயம் சிவந்து பரவினால் மருத்துவ ஆலோசனைக்கான 111-ஐ அழைத்துக் கேளுங்கள். ஊரில் போட்ட தடுப்பூசிகளின் பதிவு கையில் இல்லாதவர்கள் ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றிக் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் முன்கூட்டியே கதைத்து வைப்பது நல்லது.

இனி எதை வாங்குவது? ரப்பர்ச் செருப்பு உதவாது. முதல் அலையிலேயே கழன்று மிதக்கும், அதை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் பிள்ளைகள் ஆழத்துக்குள் இழுபடுகிறார்கள். அடி ரப்பர் இல்லாத நியோப்பிரீன் (நுரைபோன்ற செயற்கை ரப்பர்) கால்மேசு குளிருக்கு நல்லது, முள்ளை மறிக்காது. கோடையில் கரையோரம் அளைவதற்குத் தடித்த ரப்பர் அடியும் குதிக்காலைப் பிடித்து வைக்கும் பட்டியும் உள்ள மெல்லிய கடல் சப்பாத்துப் போதும். வைகாசியிலோ ஐப்பசியிலோ இறங்குகிறவருக்கு 3 மில்லிமீற்றர் நியோப்பிரீன் பூட்ஸ், அதைவிடக் குளிரென்றால் 5 மில்லிமீற்றர். எதை வாங்கினாலும் கடைக்காரர் சொல்லும் அளவை நம்பாமல் போட்டுப் பாருங்கள். நியோப்பிரீன் நனைந்தால் கொஞ்சம் இளகும். ஆகவே கடையில் போடும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, ஆனால் மடங்காமல் இருக்கவேண்டும். எழும்பி நின்று குதிக்காலைத் திருப்பிப் பாருங்கள். சப்பாத்து காலோடு திரும்பாமல் தனியே சுழன்றால் அது பெரிது.

பிள்ளை வளரும்தானே என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது எங்கள் பழக்கம். பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி. கடல் சப்பாத்தில் அப்படிச் செய்தால் உள்ளே தண்ணீர் புகுந்து ஒவ்வோர் அடிக்கும் குளிர்ந்த தண்ணீர் மாறி மாறி ஓடும், மணல் சேர்ந்து குதிக்காலில் கொப்புளம் போடும், கடைசியில் சேற்றில் சப்பாத்து நின்றுவிடப் பிள்ளை மட்டும் வெளியே வரும். சவுத்எண்டில் கடல் வற்றும்போது ஒரு மைலுக்கும் மேல் பின்வாங்கிச் சேறு தெரியும். அந்தச் சேற்றில் சிப்பி ஓடுகள் கத்தி மாதிரிக் கிடக்கின்றன. வெறுங்காலும் கூடாது, தொளதொளத்த சப்பாத்தும் கூடாது.

நீந்தத் தெரிந்தவர்கள் சப்பாத்தை விரும்பமாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கணுக்கால் நீளாது, உதைப்பு பலமிழக்கும். நியோப்பிரீன் மிதப்பதால் கால் மேலே எழும்பும். தவளை நீச்சல் அடிக்கிறவர் இதை உடனே உணர்வார். குளத்தில் 25 மீற்றரை இலகுவாக முடிக்கிறவர் சப்பாத்தோடு கடலில் அதே தூரத்துக்கு மூச்சு வாங்குவார். ஆகவே முதல் தடவை கரைக்குச் சமாந்தரமாக, கால் எட்டும் ஆழத்திலேயே நீந்திப் பழகவேண்டும். தூரம் நீந்துகிறவர்கள் கழற்றிக் கரையில் வைப்பதானால், காய்ந்த சாதாளை (கடற்பாசி) வரிசையாய்க் கிடக்கும் கோட்டுக்கு மேலே வையுங்கள். அதுவரை கடல் ஏறும் என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம்.

காலை மட்டும் பார்த்துக்கொண்டு கடலை மறந்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. இங்கே பிறிஸ்டல் கால்வாயில் அது 14 மீற்றர் வரை போகும். 2016 ஓகஸ்ட் 24 அன்று கேம்பர் சாண்ட்ஸில் லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்களை இழந்தோம். வெட்டுக் கல்லோ முள்ளோ இல்லாத, கசூரினாவைப் போலவே தோன்றும் அழகான மணற்கரை அது. வற்றில் தெரியும் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவில் பள்ளங்கள் உண்டு. பெருக்கு வரும்போது அந்தப் பள்ளங்கள்தான் முதலில் நிரம்பும். திட்டில் நிற்கிறவருக்கு முன்னால் கடல் அமைதியாகத் தெரியும், முதுகுக்குப் பின்னால் திரும்பும் வழி மூடிக்கொண்டிருக்கும். போகுமுன் அன்றைய வற்றுப்பெருக்கு நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். யாராவது தத்தளித்தால் 999-ஐ அழைத்து கோஸ்ட்கார்டை, அதாவது கரையோரக் காவல் மீட்புச் சேவையைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தை நல்ல தண்ணீரில் அலசி, உட்பக்கத்தை வெளியே புரட்டி நிழலில் காயவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் வைத்தால் நியோப்பிரீன் இறுகி வெடித்து, அடி ரப்பரின் பசை விடும். அப்படிப் பசை விட்ட சப்பாத்தின் நுனி அடுத்த முறை கல்லில் கொளுவித் தடக்கி விழுத்தும். ஆகவே பருவம் தொடங்கும்போது அடியை விரலால் வளைத்துப் பார்த்து, வாய் பிளந்திருந்தால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.