கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது

ஓர் ஆய்வறிக்கை கைக்கு வந்தால் நன்றியுரை, நிதி விவரம், பின்னிணைப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் முடிவுரைக்கு வருவேன். வெளியிட்டது இலாப நோக்கற்ற நிறுவனம் என்றால் இத்தனை சந்தேகம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு.

1965இல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் அமைப்பான சர்க்கரை ஆய்வு அறக்கட்டளை, 6,500 டாலர் கொடுத்து ஹார்வர்ட் ஆய்வாளர்களிடம் இதயநோய் பற்றிய ஒரு தொகுப்புக் கட்டுரையைக் கேட்டது. நோக்கத்தை வகுத்ததும், சில ஆய்வுகளை எடுத்துக் கொடுத்ததும், வரைவுகளை முன்கூட்டியே படித்ததும் அந்த அறக்கட்டளையே. 1967இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த அக்கட்டுரை கொழுப்பின் மீது பழியைச் சுமத்தி, சர்க்கரைக்கு எதிரான சான்றுகளைக் குறைத்து மதிப்பிட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நலன் முரண்களை, அதாவது ஆய்வாளரின் முடிவைச் சாய்க்கக்கூடிய பணத் தொடர்புகளை, தெரிவிக்க வேண்டும் என்ற விதியை அவ்விதழ் 1984இல்தான் கொண்டுவந்தது. பழைய கடிதங்களைத் தேடிப் படித்தவர்களால் 2016இல்தான் உண்மை வெளியே வந்தது.

பணத்தின் சாய்வையாவது கணக்கேட்டில் தேடலாம். நம்பிக்கையின் சாய்வு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஒரு தொண்டு நிறுவனம் தன் கல்வித் திட்டத்தைத் தானே மதிப்பிட்டபோது அட்டவணைகளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். பிள்ளைகளின் வருகை கூடியிருந்தது. வாசிப்புத் திறனோ திட்டத்தில் சேராத பிள்ளைகளின் அளவிலேயே இருந்தது. அச்சாகி வந்த அறிக்கையில் வருகை முதல் பக்கத்திலும், வாசிப்பு அட்டவணை பின்னிணைப்பிலும் இருந்தன. யாரும் பொய் சொல்லவில்லை. அத்திட்டத்திற்காக இரவு பகலாக உழைத்தவர்களின் பாசமே அந்த அட்டவணையை நகர்த்தியது; நான் வாய் திறக்காமல் இருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

நிதியளித்தவரின் பெயரைக் கண்டதுமே ஓர் ஆய்வை ஒதுக்குவதும் சரியன்று. எதை அளக்கப் போகிறோம் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதிப் பதிவு செய்தார்களா, வெளியீட்டைத் தடுக்கும் உரிமை நிதியளித்தவருக்கு இருந்ததா என்றுதான் பார்க்கிறேன். அதற்கும் மேலாக, தனக்குப் பாதகமான முடிவை அந்த நிறுவனம் எப்போதாவது தானே வெளியிட்டிருக்கிறதா என்று தேடுவேன். வங்கதேசத்தில் வேலையற்ற பருவத்தில் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் ஏழைகளுக்கு உதவிய திட்டம், 2017இல் நடந்த பெரிய சோதனையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதை அதை நடத்திய எவிடன்ஸ் ஆக்‌ஷன் என்ற தொண்டு நிறுவனம் தானே அறிவித்தது. 2019இல் அத்திட்டத்தை நிறுத்தியும் விட்டது. அந்த அறிவிப்பை வாசித்தபோது, பின்னிணைப்புக்குப் போன எங்கள் அட்டவணைதான் என் நினைவுக்கு வந்தது.