போர்டு புதுசு, பயாஸ் பழசு: ஒரு பி650 அனுபவம்

ராத்திரி முழுக்க வீடியோ ரெண்டர் ஓட வேண்டிய கம்ப்யூட்டர். அதனால் மதர்போர்டு நடுவில் படுத்துவிடக் கூடாது, வெறும் அலங்காரத்துக்குக் காசு போகவும் கூடாது. பிராசஸர் ஏஎம்டியின் 9000 வரிசையைச் சேர்ந்த ரைசன் 7 9700எக்ஸ் என்று முன்பே முடிவாகியிருந்தது. ஆகவே அதைப் பொருத்தும் சாக்கெட் ஏஎம்5. எக்ஸ்670 சிப்செட் போர்டுகள் பக்கம் போகவில்லை. பி650-இல் ஒன்றாக இருக்கும் சிப்செட் சில்லு (யூஎஸ்பி போன்ற போர்ட்டுகளைக் கவனிப்பது) அதில் இரண்டாக இருக்கும், அவ்வளவுதான். போர்ட்டுகள் கூடும், அதனால் கம்ப்யூட்டர் நிலையாக ஓடிவிடாது.

பி650 போர்டு ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. பெட்டியில் முந்தைய ரைசன் 7000 வரிசைக்கான ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. "9000-மும் தாராளமாகப் போடலாம், எல்லாம் ஏஎம்5தானே" என்று விற்றவர் மெசேஜில் அடித்துச் சொன்னார். சாக்கெட் ஒன்றுதான், அதில் பொய் இல்லை. ஆனால் ஏஎம்5 வந்தது 2022 செப்டம்பரில், ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்டில். அதற்கு வெகு முன்பே தயாராகிக் கிடங்கில் கிடந்த போர்டின் பயாஸுக்கு (கம்ப்யூட்டரை எழுப்ப, போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இந்தப் பிராசஸரை அடையாளமே தெரியாது.

எல்லாம் பூட்டி சுவிட்சைத் தட்டினால் விசிறிகள் சுற்றுகின்றன, திரை மட்டும் கறுப்பு. டிடிஆர்5 ராம் முதல் தடவை பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும் என்பதால் பொறுத்துப் பார்த்தேன். ராமை ஒவ்வொன்றாகப் போட்டேன், சிமாஸை (சேமித்து வைத்த பயாஸ் அமைப்புகளை) அழித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் குட்டி விளக்குகள்கூட அந்தப் போர்டில் கிடையாது.

விற்றவர் பார்க்காமலே "பிராசஸர் போயிருக்கும்" என்றார். நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டேன், அருமையாக ஓடியது. "அப்போ கம்பெனியைக் கேளுங்கள், பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று கையை விரித்துவிட்டார். கம்பெனியின் உதவி மையத்துக்கு எத்தனை மெயில் போட்டாலும் ஒரே பதில்: பயாஸை அப்டேட் செய்யுங்கள். திரையே வராத போர்டில் எப்படி அப்டேட் செய்வது என்று கேட்டால், 7000 வரிசை பிராசஸர் ஒன்றைப் போட்டுச் செய்யலாமாம். இதற்காக இன்னொரு பிராசஸர் வாங்க வேண்டுமா? எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது கம்பெனியின் சொந்தப் பக்கம்தான். ஒவ்வொரு போர்டுக்கும் எந்தெந்தப் பிராசஸர் ஓடும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் பிராசஸர் பெயருக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்பதும் இருக்கும். அந்த வரியையும், போர்டில் ஒட்டியிருந்த பயாஸ் பதிப்பு எண்ணையும் படம் எடுத்து, விற்றவரின் மெசேஜோடு சேர்த்து அவருக்கே அனுப்பினேன். போர்டைத் திரும்ப எடுக்க இறங்கி வந்தார். அப்போதும் சாக்கெட் பின்களின் படமும் பிளாஸ்டிக் மூடியும் கேட்டார். ஏஎம்5-இல் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன, மொத்தம் 1718. ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மூடியைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். பத்திரமாக வைத்திருந்ததால்தான் தப்பித்தேன்.

இரண்டாவது தடவை இன்னொரு பி650 எடுத்தேன், பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருப்பதை உறுதி செய்துகொண்டு. பிராசஸரே இல்லாமல் பயாஸை ஏற்றலாம். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, ஃபைலுக்கு அவர்கள் சொல்லும் பெயரையே வைத்து, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும். பவர் சப்ளையின் 24 பின், 8 பின் கேபிள்கள் போதும். பொத்தானை அழுத்தினால் பக்கத்து விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். அது தானாக அணையும்வரை எதையும் தொடக் கூடாது, கரண்டும் போகக் கூடாது. அணைந்தது, பிராசஸரைப் பூட்டினேன், கொஞ்ச நேரத்தில் திரை வந்தது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது! 2025 தொடக்கத்தில் வந்த பி850 போர்டுகளில் 9700எக்ஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை, விலை வித்தியாசம் குறைவென்றால் அதையே எடுங்கள்.

பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பற்றி நிறையப் பயமுறுத்துகிறார்கள். 9700எக்ஸ் 65 வாட் ரகம், ஹீட்சிங்க் வைத்த சாதாரண விஆர்எம்மே தாங்கும். 9950எக்ஸ் போல 170 வாட் பிராசஸர் என்றால்தான் வெப்பச் சோதனை முடிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் ஃபேஸ் (விஆர்எம்மில் மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் பிரிவு) எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

ராமில் கஞ்சத்தனமோ பேராசையோ வேண்டாம். நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்பினால், 9000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5600-இலிருந்து 3600-க்கு இறங்கிவிடும். இரண்டு பெரிய ராம், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். எக்ஸ்போவை (ராமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்து, ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டி, பிழை ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகே விண்டோஸ் போட்டேன்.

இப்போது ரெண்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பழைய போர்டைத் திருப்பி அனுப்பிய கூரியர் செலவு மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.