கோப்பிச் சாக்கில் ஒரு ரியா

போன வருஷம் இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஒரு பண்டல் கடையில் (பழைய சாமான் விற்கிற கடை), பழைய பைகளுக்கும் ஜப்பான் போர்வைகளுக்கும் அடியில் சுருண்டு கிடந்த ஒரு விரிப்பை இழுத்து எடுத்தேன். செம்மண் நிறம், ஆரஞ்சு, கோப்பிப் பழுப்பு எல்லாம் கலந்து, குளிக்காத நாய்க்குட்டி மாதிரி நீள நீளமாக நூல் தொங்கியது. 15 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன். எனக்கு அது ஏன் பிடித்தது என்று அப்போது தெரியவில்லை. சுங்கை சிப்புட் வந்து சேருகிற வரைக்கும் காருக்குள் தும்மிக்கொண்டே வந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் அம்மா அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தார். ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு எதையும் திருப்பிப் பார்த்தால்தான் நம்பிக்கை. "இது என்னா, நம்ம சாக்கு மிதியடி மாதிரியே குத்தியிருக்கான்" என்றார். லயத்தில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில் பாட்டி அரிசிச் சாக்கை விரித்து வைத்து, தையற்கடைக்காரர் வீசுகிற துண்டுத் துணியைக் கோணி ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்து மிதியடி செய்வார். எங்கள் வாசலில் அது இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. சரி, அது மாதிரிதான் இதுவும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. அம்மாவுக்கு முட்டி வலி, காற்றாடியையும் நிறுத்த விட மாட்டார். அந்த விரிப்பை எடுத்து மடிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் நூல் தொங்குகிற பக்கம் கீழே, கால் மேல் படுகிற மாதிரி. "தலைகீழா போட்டிருக்கீங்கம்மா" என்றேன். "புசுபுசுன்னு இருக்கிறது உடம்புல படாம ஊருக்குக் காட்டவா?" என்றார்.

அப்புறம் ஒரு வாரம் தூக்கம் கெட்டுத் தேடியதில்தான் தெரிந்தது, அம்மா சொன்னதுதான் சரி. இந்த விரிப்புக்கு ஸ்வீடனில் ரியா என்று பெயர் (யாரோ பக்கத்து வீட்டுப் பெண் பெயர் மாதிரி இருக்கிறது, அம்மா இன்னும் "அந்த ரியாப் பொண்ணு" என்றுதான் சொல்வார்), ஃபின்லாந்தில் ருயியு. ஆரம்பத்தில் இதைத் தரையில் விரிக்க யாரும் செய்யவில்லை. படுக்கையில் போர்த்திக்கொள்ளச் செய்தார்கள், மயிர்ப்பக்கம் உடம்பை நோக்கிக் கீழே, தட்டையான பக்கம் மேலே. மீனவர்கள் படகில் கொண்டுபோனார்கள். ஆட்டுத்தோல் போர்வை உப்புத்தண்ணீர் பட்டால் விறைத்துப் போகும், காயவும் காயாது. முடிச்சுப் போட்ட கம்பளி நனைந்தாலும் சூடு கொடுக்கும், உதறிக் காயப்போட்டால் மறுபடி போர்த்தலாம். 16ஆம் நூற்றாண்டிலேயே ஃபின்லாந்துக் கோட்டைகளின் சாமான் பட்டியலில் ருயியு வந்துவிட்டது.

இதைப் படித்ததும் எனக்கும் செய்து பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. கம்பளி நூல் இணையத்தில் வரவழைத்தேன், விலையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிடுவார், வேண்டாம். ஒரு மரச் சட்டத்தில் பாவு (நெடுக்கு நூல்) கட்டி உட்கார்ந்தேன். பாரசீகக் கம்பளம் பற்றி எப்போதோ பார்த்த படம் மனதில் இருந்ததால், முடிச்சுகளை எவ்வளவு நெருக்கமாகப் போடுகிறேனோ அவ்வளவு உசத்தி என்று நினைத்துக்கொண்டு, ஒரு வரிசை முடிந்ததும் அதை அடித்து அடித்து இறக்கி, அடுத்த வரிசையை அதன் தலைமேலேயே வைத்தேன். இரண்டு மாதத்தில் ஒரு சாண் வந்தது. சட்டத்திலிருந்து அறுத்து எடுத்தால் பலகை மாதிரி நின்றது. மடியவில்லை. மேசைமேல் வைத்தால் டொக் என்று சத்தம் வேறு.

அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெரைக்கு நெரை எடம் விடாம நட்டா மரம் எப்படிம்மா பருக்கும்?"

பால்மரத் (ரப்பர் மரத்) தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நெரை பிடித்த, அதாவது மர வரிசையில் பால் வெட்டிய ஆள். ரியாவின் சூட்சுமம் முழுக்க அதுதான். ஒரு வரிசை முடிச்சு, அதற்கப்புறம் பல ஓட்டம் வெறும் ஊடை (குறுக்கு) நூல், அப்புறம்தான் அடுத்த வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இருக்கலாம். குஞ்சம் நீளமாக விடுவதே அந்தக் காலி இடத்தின்மேல் சாய்ந்து மூடத்தான். அதனால்தான் அது கனமில்லாமல் உடம்போடு வளைந்து கிடக்கிறது. நான் அந்த இடத்தை எல்லாம் அடைத்து வைத்துவிட்டு வளையவில்லையே என்று அழுதிருக்கிறேன்.

கம்பளியும் கை கொடுக்கவில்லை. டிசம்பர் மழையில் அலமாரியில் வைத்திருந்த மிச்ச நூலில் ஒரு புழுங்கல் வாடை ஏறி, ஜனவரியில் திறந்தால் பூச்சி அரித்த தூள் கொட்டியது. எங்கள் பேராக் மாநிலத்தில் வெயில் அடித்தால் புழுக்கம், மழை பெய்தால் பூஞ்சணம். பனிக்கு வளர்ந்த ஆட்டு மயிரை இங்கே கொண்டுவந்து வைத்தது என் தப்பு, ஆட்டின் தப்பில்லை.

அதனால் பாட்டியின் சாக்குக்குத் திரும்பினேன். சணல் சாக்கு இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை, அரிசி எல்லாம் பிளாஸ்டிக் பையில் வருகிறது. ஈப்போவில் கோப்பி வறுக்கிற ஒருவரிடம் கேட்டேன், கொட்டை வந்த சாக்கை மூன்று வெள்ளிக்குக் கொடுத்தார். இரண்டு தடவை அலசியும் வாடை போகவில்லை, போகவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சாக்கில் எப்படிச் செய்கிறேன் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சாக்கின் குறுக்கு நூலில் நான்கை உருவி எடுங்கள். உருவிய இடத்தில் நெடுக்கு நூல்கள் மட்டும் ஏணி மாதிரி வெறுமனே நிற்கும். அதுதான் முடிச்சு போடுகிற வரிசை. ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு மறுபடி நான்கை உருவுங்கள். வீட்டில் செய்ய ஊசியும் நூலும் அடித்துணியுமாக விற்ற பழைய ரியா பெட்டிகளிலும் அந்தத் துணியை இப்படி இடைவெளி விட்டே நெய்திருப்பார்கள், என் பண்டல் விரிப்பின் பின்பக்கமும் அப்படித்தான். நெடுக்கு நூலை இரண்டு ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள், இடது ஜோடி, வலது ஜோடி. கோணி ஊசி நடுவில் நுழைந்து, இடது ஜோடிக்கு அடியில் போய் இடப்பக்கம் வெளியே வரும். நூலின் வாலை நடுவில் விட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டு ஜோடிக்கும் மேலாகத் தாண்டி, வலப்பக்கம் இறங்கி, வலது ஜோடிக்கு அடியில் புகுந்து, மறுபடி நடுவில் தலை நீட்டும். இழுத்து இறுக்கினால் இரண்டு வாலும் ஒரே வாசலில் நிற்கும். துருக்கிக் கம்பளத்திலும் இதே முடிச்சுதான். நீளம் ஒரே மாதிரி வர, ஒரு ரூலரை வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் போட்டு, வரிசை முடிந்ததும் அறுத்துவிடலாம். கத்தரிக்கோலைவிடப் பழைய பால் உளி (ரப்பர் மரப் பட்டை சீவுகிற கத்தி) இதற்கு நன்றாக இருக்கும் என்று அம்மா சொன்னார். முயற்சி பண்ணினேன், இடது கட்டைவிரலில் பிளாஸ்டர். கத்தரிக்கோலே போதும்.

நூலுக்குப் பதில் துணி. டீசட்டைத் துணியை அரை அங்குலப் பட்டையாக வெட்டி இழுத்தால் அதுவே சுருண்டு கயிறாகும். அம்மாவின் பழைய வாயில் சேலை இதைவிட மேல், காய்ந்தால் காற்றில் ஆடுகிறது, துவைத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. ஊசியில் ஒரு நிறம் மட்டும் கோக்காதீர்கள். வெளிர்பச்சை, பாசிப் பச்சை, ஒரு துளி நீலம் என்று மூன்று பட்டையை ஒன்றாகக் கோத்தால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது பச்சைக்குள் நிழல் விழும். 1950களில் ஃபின்லாந்தில் ருயியு வடிவமைத்த ஏவா புரும்மர் போன்றவர்கள் இந்த நிறக் கலப்பில் என்னென்னவோ செய்திருக்கிறார்கள், படங்களைத் தேடிப் பாருங்கள், காடு எரிந்து தணிந்த மாதிரி இருக்கும்.

துணியும் சாக்கும் வைத்துச் செய்தால் அது ரியாவா என்று ஒருவர் கேட்டிருந்தார், கொஞ்சம் கோபமாகவே. நியாயமான கேள்விதான், ஆனால் எனக்கு அதில் பெரிய சங்கடம் இல்லை. படகில் கிடந்தது படுக்கைக்கு வந்தது. அப்புறம் கல்யாணத்துக்கு வந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் அதன்மேல் நின்றுதான் மணம் முடிப்பார்கள், இருவரின் முதலெழுத்தும் வருஷமும் அதிலேயே முடிச்சாக இருக்கும். கல்யாணத்துக்கு வந்த பிறகு அழகுப் பக்கம் மேலே திரும்பிவிட்டது. பஞ்சுமெத்தையும் ரஜாயும் வந்ததும் போர்த்துகிற வேலை போய்ச் சுவரில் தொங்கியது. 1879இல் ஃபானி சூர்பெரி என்ற ஓவியர் ஹெல்சின்கியில் ஃபின்லாந்துக் கைவினை நண்பர்கள் சங்கத்தைத் தொடங்கினார். அக்செலி கல்லென் கல்லேலா வரைந்த தீச்சுடர் ருயியுவை அந்தச் சங்கத்தில்தான் நெய்தார்கள், 1900இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. அது பெஞ்சின்மேல் போட்டு அப்படியே தரைக்கு வழிந்து இறங்குகிற விரிப்பு. இத்தனை வேலை மாறிய பொருள் சுங்கை சிப்புட்டில் சாக்கின்மேல் உட்கார்ந்தால் கெட்டுப்போய்விடாது. முடிச்சும் நெரை இடைவெளியும் மாறினால் சண்டைக்கு வாருங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இப்போது மூன்று அக்காமார் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறார்கள். முதல் கேள்வியே "வித்தா எவ்ளோம்மா கெடைக்கும்?" கணக்குப் போட்டுக் காட்டினேன். 60 சென்டிமீட்டர் அகலம், 120 நீளம். ஒரு வரிசைக்கு 60 முடிச்சு, 80 வரிசை, ஆக 4,800 முடிச்சு. பழகிய கை மணிக்கு 120 போடும், அதுவே 40 மணி நேரம், துணி கிழிக்கிற நேரத்தைச் சேர்க்காமல். 150 வெள்ளிக்கு விற்றால் மணிக்கு நான்கு வெள்ளிகூட வராது. இதை மறைத்து, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று வகுப்பு நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணக்கைக் கேட்டும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை, ஒருவர் மட்டும் "அப்ப நான் எனக்கே செஞ்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கோத்தார்.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது அம்மாவின் பெஞ்சுக்கு. படம் ஒரு பால்மரப் பட்டை, பழுப்பில் ஆறு விதம், நடுவில் சாய்வாக வெட்டுக்கோடு, அதன் வழியாக ஒரு வெள்ளை ஓட்டம், கீழே பால் பிடிக்கிற மங்கு. ரியாவில் சாய்வுக்கோடு நேராக வராது, வரிசைக்கு வரிசை படிக்கட்டாகத்தான் இறங்கும், ஆனால் குஞ்சம் சாய்ந்து படிக்கட்டை மறைத்துவிடும். பத்து வரிசை முடித்துவிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வெட்டு வலது பக்கம் ஒசந்து இருக்கு. இடது ஒசந்து வலது எறங்கணும். இப்படி வெட்டினா பால் கம்மியா வரும்." பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து வரிசையையும் பிரித்தேன், 600 முடிச்சு.

கல்யாண ருயியு மாதிரி கீழே பெயரின் முதலெழுத்தும் வருஷமும் வைக்கலாம் என்றதும் எந்த வருஷம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். கல்யாணமான வருஷம் இல்லை, தன் பெயர் முதன்முதலாகப் பெரட்டில், அதாவது தோட்டத்துக் கிராணி (கணக்கர்) காலையில் ஆள் எடுக்கிற இடத்தில், கூப்பிட்ட வருஷம், 1969. இலக்கத்தில் வளைவு வருவது பெரிய பாடு, ஒன்பதின் தலை எனக்கு மூலை மூலையாகத்தான் வந்தது. முந்தாநாள் முடித்துப் பெஞ்சில் விரித்தேன். அம்மா விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"1464-ல எந்தக் கிராணிம்மா எனக்குப் பேரு போட்டாரு?"